நரம்பு நோயும் இயற்கை மருந்தும்



திருவேங்கட மலைக்குச் செல்லும் தமிழர் பலர், ஊர் திரும்பும் வழியில் நாராயணவனத்தையும் கண்டு வருவதுண்டு. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், புத்தூரை அடுத்து அமைந்த ஊர் அது. ஆகாசராசன் மகளாகிய பத்மாவதித் தாயாரைச் சீனிவாசப் பெருமாள் மணந்துகொண்ட இடம் என்று தலவரலாறு கூறும். கல்யாண வேங்கடேசுவரர் திருக்கோயில் அங்கே விளங்குகிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022-ஆம் ஆண்டில் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறினும், தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புற ஊர்களுள் ஒன்றாகவே அது இன்றும் இருக்கிறது.

கோயிலுக்குச் செல்வோர் அவ்வூரில் மற்றோர் இடத்தையும் வணங்குவர். அதுதான் சொரக்காய் சுவாமிகள் என்னும் சித்தரின் சமாதி. சுரைக்குடுக்கையைச் சுமந்து திரிந்தமையால் அவருக்கு அப்பெயர் வந்தது என்பர். 1902-ஆம் ஆண்டில் சமாதியடைந்த அப்பெரியார், தம்மை நாடி வந்தவர்களின் பிணிகளை எளிய பொருள்களைக் கொண்டே தீர்த்தார் என்று அடியார்கள் போற்றுகின்றனர். அருகிலுள்ள புத்தூரோ எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தால் தென்னாடு முழுவதும் பெயர் பெற்றது. ஆக, திருமணத் தலமாகிய அவ்வட்டாரம் பிணி தீர்க்கும் வட்டாரமாகவும் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றுவிட்டது.

இத்தகைய நம்பிக்கைகளுக்கிடையே வளர்ந்தவர்கள் நாம். பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் தில்லிக்கும் புனேக்கும் அகமதாபாத்துக்கும் சென்றாலும், வீட்டில் ஒருவர் நோயுற்றால் நம் நினைவு முதலில் ஊரை நோக்கியே ஓடுகிறது. ‘நரம்புத் தளர்ச்சியாம், நம் ஊரில் மருந்து இருக்கிறது’ என்று ஒரு பெரியவர் கூறுகிறார். சில நாட்களில் சூரணப் பொட்டலம் வந்து சேருகிறது. இளைய தலைமுறையினரோ, ‘இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று எழுதிய மாத்திரைப் புட்டியை விலை கொடுத்து வாங்குகின்றனர். பொட்டலமும் புட்டியும் தோற்றத்தால் வேறுபட்டவை. அவற்றின் பின்னால் நிற்கும் எண்ணம் ஒன்றே. இயற்கையில் விளைந்தது நன்மை செய்யும், தீமை செய்யாது என்பதே அவ்வெண்ணம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? இதுவே இன்று நாம் ஆராய விரும்பும் வினா.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். மின்சாரக் கம்பியின்மீது ரப்பர் உறை இருப்பதைப் போல, நம் நரம்பு இழைகளின்மீது மயலின் என்னும் கொழுப்பு உறை ஒன்று உள்ளது. அவ்வுறை இருப்பதனால்தான் மூளையின் கட்டளை விரைவாகவும் சிதறாமலும் கைகால்களைச் சென்றடைகிறது. நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படையும் ஒன்று உண்டு. அப்படை, பகைவன் யார், உறவினன் யார் என்று அறியாமல் அவ்வுறையையே தாக்கத் தொடங்குமானால், மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் ஆங்காங்கே புண்கள் தோன்றுகின்றன. அவை ஆறும்போது தடித்த தழும்புகளாகின்றன. பல இடங்களில் தோன்றும் தழும்பு என்பதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் பெயரின் பொருள். பாரிஸ் நகரத்து மருத்துவ மேதை ஷார்கோ என்பார் 1868-இல் இந்நோயைத் தெளிவாக வகுத்து விளக்கினார்.

இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தோன்றுகிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்ச்சி, சிறுநீரை அடக்க இயலாமை, காரணமற்ற பெருஞ்சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தோன்றினாலே இந்நோய்தான் என்று அஞ்ச வேண்டுவதில்லை; சர்க்கரை நோயாலும் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவாலும் கைகால் மரத்துப்போவதுண்டு. ஆயினும், அறிகுறி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரைக் காண்பதே முறை.

இந்நோயின் இயல்புகளுள் ஒன்றை நேயர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். நோயாளர்களில் 100-க்கு ஏறத்தாழ 85 பேருக்கு, தொடக்கத்தில் இந்நோய் வந்து வந்து போகிறது. இன்று மங்கிய பார்வை சில வாரங்களில் தானே தெளிகிறது. தளர்ந்த கால் மீண்டும் நடக்கிறது. பின்னர்ப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள், ஒரு குறையும் தெரிவதில்லை. மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் இவ்வாறு நிகழ்வதுண்டு.

இதன் விளைவு என்ன? நோய் கடுமையாக இருக்கும்போதுதான் மனிதன் வைத்தியம் தேடி அலைகிறான். அந்த நேரத்தில் ஒரு சூரணம் கிடைக்கிறது. மூன்று வாரத்தில் பார்வை தெளிகிறது. சூரணம் உண்ணாவிட்டாலும் அந்த மூன்று வாரத்தில் பார்வை தெளிந்திருக்கக்கூடும். ஆனால் அதை அவன் எவ்வாறு அறிவான்? கொடுத்தவருக்குப் பொய் கூறும் எண்ணம் இல்லை; உண்டவருக்கும் இல்லை. நோய்தான் இருவரையும் ஏமாற்றிவிடுகிறது.

வெப்பமும் இவ்வாறே ஏமாற்றும். உடல் சூடேறினால் இந்நோயாளர்களின் அறிகுறிகள் மிகுந்து, குளிர்ந்தால் தணிகின்றன. உடலுழைப்புக்குப் பின் இந்நோயாளர்களின் பார்வை மங்குவதை ஊட்டாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் எடுத்துரைத்தார். சித்திரை வெயிலில் நாராயணவனத்துக்கு வந்து சேரும் நோயாளி ஒருவர், மண்டபத்து நிழலில் அமர்ந்து, குளிர்ச்சியான சாறு ஏதேனும் பருகினால், ஒரு நாழிகையில் கால்களுக்கு வலிமை திரும்பியதாக உணரலாம். அவ்வுணர்ச்சி மெய்யே. ஆயினும், உடற்சூடு தணிந்ததேயன்றி நோய் தணியவில்லை.

இங்கே புத்தூர்க் கட்டினை எண்ணிப் பார்த்தல் பயன் தரும். பச்சிலை, முட்டையின் வெண்கரு, மூங்கிற் பத்தை, துணி ஆகியவற்றைக் கொண்டு முறிந்த உறுப்பை அசையாமற் கட்டுகின்றனர். எலும்புக்குத் தானே கூடும் ஆற்றல் உண்டு. நேராக வைத்து அசையாமல் காத்தால் அது கூடிவிடும். கூடிற்றா, கோணிற்றா என்பதை ஊராரே கண்ணாற் காணலாம். எக்ஸ்ரே படமும் காட்டும். நரம்பு நோயில் அவ்வாறு வெளியே தெரிவதில்லை. ஒரு குறையுமின்றி நடமாடும் நாட்களிலும் மூளைக்குள் புதிய புண்கள் தோன்றிக்கொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தால், வெளியே தெரிந்த தாக்குதல்களைவிடப் பன்மடங்கு புண்கள் உள்ளே இருப்பது புலனாகும். ஆகவே, எலும்புக்குப் பொருந்தும் அனுபவச் சான்று இந்நோய்க்குப் பொருந்தாது.

இனி, ஆன்டிஆக்ஸிடன்ட் என்னும் பொருள்களைப் பற்றிக் காண்போம். நாம் உட்கொள்ளும் பிராணவாயு உடலுக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. அதே வேளையில், கட்டுக்கடங்காத சில துணுக்குகளும் பிறக்கின்றன. அடுப்பு எரிந்தால் சோறு வேகும், பொறியும் தெறிக்கும். அப்பொறிகளை அணைக்கும் பொருள்களே ஆன்டிஆக்ஸிடன்ட் எனப்படுபவை. மஞ்சள், பச்சைத் தேயிலை, கீரைகள், நெல்லிக்காய், பல நிறக் காய்கனிகள் ஆகியவற்றில் இவை உள்ளன. நம் உடலும் தனக்கு வேண்டியவற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இப்பொறிகளுக்குப் பங்கு உண்டு என்பது மெய். புண் உண்டான இடத்தில் கூடும் காவலணுக்கள் இத்துணுக்குகளை மிகுதியாக வெளியிட்டு, மயலின் உறையையும் அதனை ஆக்கும் அணுக்களையும் கெடுக்கின்றன. ஆகவே, பொறியை அணைத்தால் நோய் தணியாதா என்று விஞ்ஞானிகள் கருதினர். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த அணுக்களிலும், சோதனைச் சுண்டெலிகளிலும் இம்முயற்சி பலமுறை நற்பயன் தந்தது. மாத்திரைப் புட்டியின்மீது ‘ஆராய்ச்சியால் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆராய்ச்சியோ அங்கே நின்றுவிடவில்லை.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மறதியால் வருந்திய 120 நோயாளர்களில் ஒரு பகுதியினருக்கு ஜின்கோ என்னும் மரத்தின் இலைச்சத்தையும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையையும் 12 வாரம் கொடுத்தனர். இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஜெர்மனியில் பச்சைத் தேயிலைச் சத்தைக் கொண்டு நடத்திய ஆய்வுகளின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. அங்கும் நோய் தணிந்ததாகத் தெரியவில்லை. நாம் நன்கறிந்த நிலவேம்பின் சத்தையும் விட்டுவிடவில்லை. தென்னமெரிக்காவில் சிலி நாட்டு மருத்துவர்கள், நோய் முற்றிவரும் நிலையில் இருந்த 44 பேரைக் கொண்டு இரண்டாண்டு நடத்திய ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. மூளை சுருங்கும் வேகத்தில், உறுதியாகக் கூறத்தக்க வேறுபாடு கிட்டவில்லை.

நம்பிக்கை ஊட்டிய ஆய்வும் உண்டு. லிப்போயிக் அமிலம் என்னும் பொருள் சிறிய அளவில் கீரையிலும் ஈரலிலும் உள்ளது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் 51 நோயாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 1,200 மில்லிகிராம் உண்டவர்களுக்கு, இரண்டாண்டுக் காலத்தில் மூளை சுருங்கும் வேகம் மற்றவர்களைவிட 68 விழுக்காடு குறைவாக இருந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் 51 பேர் என்பது சிறு தொகை.

சிறு தொகையை நம்பி ஏன் முடிவு கட்டலாகாது என்பதற்கு பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தின் வரலாறு போதும். பிரான்சு நாட்டில் 154 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. மிகப் பெரிய அளவில் பயோட்டின் உண்டவர்களில் 100-க்கு 12 பேருக்குமேல் உடல்நிலை தேறியது. வெறும் மாத்திரை உண்டவர்களில் ஒருவரும் தேறவில்லை. உலகெங்கும் நோயாளர்கள் உள்ளம் பூரித்தனர். பின்னர், 13 நாடுகளில் 642 பேரைக் கொண்டு அதே மருந்தை மீண்டும் சோதித்தனர். 2020-இல் முடிவு வந்தது. பயோட்டின் உண்டவர்களில் 100-க்கு 12 பேர் தேறினர். உண்ணாதவர்களில் 9 பேர் தேறினர். அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. அதுமட்டுமன்று, பெரிய அளவு பயோட்டின் இரத்தப் பரிசோதனைகளைப் பிழைபடச் செய்து, தைராய்டு, இதயம் ஆகியவற்றின் நிலையைத் தவறாகக் காட்டும் என்பதும் தெரியவந்தது.

‘பயன் இல்லையெனில் போகட்டும், இயற்கைப் பொருள்தானே, தீங்கு என்ன வரும்?’ என்று கேட்பாருண்டு. இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை, சுரைக்காயே கூறும். சுரைக்காய் நல்ல உணவு. ஆயினும், சில காய்கள் கசக்கும். அக்கசப்பில் ஒரு நச்சுப்பொருள் உள்ளது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைப் பருகி, இரத்த வாந்தி எடுத்து, உயிரிழந்தவர்களும் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு இதனை ஆராய்ந்து, கசக்கும் சுரைச்சாற்றைப் பருகவே கூடாது, வேறு சாற்றோடும் கலக்கக் கூடாது, பருகியபின் வயிறு கலங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது. இயற்கையின் கொடையிலும் நஞ்சு உண்டு. நாவில் கசந்தால் துப்பிவிடலாம். மாத்திரைக்குள் அடைத்துவிட்டால் கசப்பு தெரியாதே!

மாத்திரையாக உண்ணும் ஆன்டிஆக்ஸிடன்ட் தீங்கு செய்ததற்கும் சான்று உண்டு. காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் பொருளைப் பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தனர். ஆய்வில் சேர்ந்தோர் 29,133 பேர். நுரையீரற் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். 1994-இல் முடிவு வெளிவந்தபோது, மாத்திரை உண்டவர்களிடையே அந்நோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. காரட்டை உண்பது வேறு. அதன் ஒரு சத்தை மட்டும் பிரித்து, இயற்கை ஒருபோதும் தராத அளவில் உண்பது வேறு.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளர்களுக்குத் தனியாகவும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ என்னும் விளம்பரம் பலரையும் கவர்கிறது. ஆனால் இந்நோயின் காரணமே எதிர்ப்பாற்றல் நெறி தவறியதுதான். வீட்டையே தாக்கும் காவலனுக்கு மேலும் ஆயுதம் கொடுப்பது அறிவுடைமையாகுமா? கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்திற்கொடிச் சாற்றை நாள்தோறும் பருகிய சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதை, மும்பை முதலிய நகரங்களின் மருத்துவர்கள் 2021-லும் 2022-லும் பதிவு செய்துள்ளனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குத் தரும் மருந்துகள் சிலவும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அதனால் மருத்துவர்கள் அடிக்கடி இரத்தத்தைச் சோதிக்கின்றனர். சூரணம் உண்பதை மறைத்தால், எதனால் கல்லீரல் கெட்டது என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்?

எல்லாவற்றினும் பெரிய தீங்கு வேறொன்று. சூரணத்தை நம்பி, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடுவதே அது. உடல்நிலை நன்றாக இருக்கும் காலத்தில்தான் இது நிகழ்கிறது. ‘இப்போதுதான் ஒன்றுமில்லையே, ஊசி எதற்கு?’ என்று எண்ணத் தோன்றும். இந்நோய்க்குரிய மருந்துகளோ, வந்த தாக்குதலைப் போக்குவதற்காக அல்ல. வரவிருக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காகவே தரப்படுகின்றன. ஒன்றுமில்லாத அந்த அமைதிக் காலமே அம்மருந்து வேலை செய்யும் காலம். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்புவதும் உண்டு. வெள்ளம் வராத நாளில் கரையை வெட்டிவிடுவார் உளரோ?

1993-இல் இன்டர்ஃபெரான் என்னும் ஊசி மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்குமுன், இந்நோயின் போக்கை மாற்றும் மருந்து என்று அங்கு ஒப்புதல் பெற்றது ஒன்றுமில்லை. இன்று பல உள்ளன. அவை நோயை வேரோடு அகற்றுவதில்லை. ஆயினும், தாக்குதல்களைப் பெரிதும் குறைக்கின்றன. விலை மிகுதி என்று அஞ்சுவோர்க்கு ஒரு நற்செய்தி. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இந்நோய்க்கென முதன்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்றான ரிடுக்ஸிமாப், நம் நாட்டிலேயே பல நிறுவனங்களால் செய்யப்பட்டு, ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் கிடைக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதை நரம்பியல் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

அவ்வாறாயின் இயற்கைப் பொருள்களுக்கு இடமே இல்லையா? உண்டு, அவற்றின் இடம் அடுக்களை. மஞ்சளும் கீரையும் நெல்லிக்காயும் பழங்களும் உணவாக உண்ணத்தக்கவை. புகையிலையை விடுவதும், இயன்ற அளவு உடலை இயக்குவதும், வெயிலில் அலைவதைத் தவிர்ப்பதும் நன்மை தரும். இவற்றுள் புகையை விடுவது மிக முக்கியம். புகைப்பவர்களுக்கு இந்நோய் விரைந்து முற்றுகிறது. டி என்னும் உயிர்ச்சத்துக் குறைவு இருப்பின், மருத்துவர் அளந்து தரும் அளவில் அதனை ஈடுசெய்ய வேண்டும். தாமாகவே மிகுதியாக உண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளையும் கூற விரும்புகிறோம். மரத்துப்போதல், கூச்சம், எரிச்சல், பிடிப்பு ஆகியவற்றை அயல்மொழியில் விளக்குவது எளிதன்று. ஆகவே, என்ன துன்பம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் தணிந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் அதில் குறியுங்கள். ஊரிலிருந்து வந்த சூரணமும் லேகியமும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். எம்.ஆர்.ஐ. படங்களைப் பத்திரப்படுத்துங்கள், பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புதிய புண் தெரியும். ஊருக்கு வரும்போது மருந்து தீர்ந்துவிடாதபடி முன்னரே வாங்கி வையுங்கள். வந்த இடத்தில் துன்பம் மிகுந்தால், நாராயணவனத்துப் பக்கத்தார்க்குத் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையமும், வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில் உள்ளன.

மற்றொன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. இந்நோயால் உறுப்புத் தளர்ச்சி அடைந்தவர்கள், உரிய மருத்துவச் சோதனைக்குப்பின் நாடு முழுவதும் செல்லுபடியாகும் அடையாள அட்டையைப் பெறலாம். நோயாளர்களுக்கும் குடும்பத்தார்க்கும் துணையாக இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் பல நகரங்களில் கிளைகளோடு இயங்கிவருகிறது.

நேயர்களே! சித்தர் சமாதியில் கைகூப்பி நிற்பதை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தீராத நோயுடன் வாழ்வோருக்கு மனவுறுதி பெரிதும் வேண்டும். அதனை வழிபாடு தருமாயின் அது நன்றே. திருநீறு இட்டுக்கொள்வதற்கும் ஊசி போட்டுக்கொள்வதற்கும் பகையில்லை. பொட்டலமோ புட்டியோ எது கைக்கு வந்தாலும், அதனை உண்ணுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். அதனை நம்பி, உண்டுவரும் மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். உறவினர்க்கு உதவ விரும்பும் பெரியவர்களும், சூரணம் அனுப்புவதற்குமுன் ‘மருந்தைத் தவறாமல் உண்கிறாயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒருவரின் கண்ணையும் காலையும் காக்கக்கூடும்.